காலத்தின் மேல் பழி போடலாமா?

நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த வரலாறு ஒன்றைக் கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். சுருதகேவலியாகிய பத்திரபாகு முனிவர் ஒருநாள் உஜ்ஜயினி நகரில் ஆகாரத்தின் பொருட்டு ஓர் இல்லத்தினுள் சென்றார். அங்கே தொட்டிலில் கிடந்த பேச்சறியாக் குழந்தை ஒன்று, விரைந்து போய்விடுமாறு அவரை நோக்கிக் கூறிற்று. நிமித்தம் உணர்ந்த முனிவர், அந்நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்க்கப் போகிறது என அறிந்து, உணவு கொள்ளாமலே திரும்பினார்; சங்கத்தாரைக் கூட்டி அதனை அறிவித்தார். சங்கத்தில் ஒரு பகுதியினர் தென்திசை நோக்கிப் புறப்பட்டனர். மற்றொரு பகுதியினர், சிராவகர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி அங்கேயே தங்கிவிட்டனர் எனச் சில நூல்கள் கூறுகின்றன.

இவ்வரலாறு ஹரிஷேணர் 931-ஆம் ஆண்டில் இயற்றிய பிருகத்கதாகோசத்தில் காணப்படுகிறது. சிரவணபெளகுளத்துச் சந்திரகிரியில் ஏறத்தாழ 600-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டும் பஞ்ச எச்சரிக்கையையும் தெற்கு நோக்கிய பயணத்தையும் குறிப்பிடுகிறது. நூலுக்கு நூல் விவரங்கள் மாறுபடும். இதன் வரலாற்று உண்மை பற்றி அறிஞர்கள் வாதிடுவர். அவ்வாதம் இன்று நமக்கு வேண்டியதன்று. நாம் கவனிக்க வேண்டியது இதுவே: மழை பற்றி வந்த எச்சரிக்கை ஒன்று, சொன்னவர் ஒருவர், கேட்டவரோ ஒரே சங்கத்தார். அப்படியிருந்தும் கேட்டவர்கள் இரு திறத்தினராயினர்.

இன்று உலகம் முழுமைக்கும் அத்தகைய எச்சரிக்கை ஒன்று வந்துள்ளது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதனால் வானில் கலக்கும் கரியமில வாயு, பூமியின் வெப்பம் வெளியேறாதபடி போர்வை போல் நிற்கிறது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, 2024-இல் 420 பங்கைக் கடந்துவிட்டது. 1850 முதல் 1900 வரையிலான காலத்துச் சராசரியோடு ஒப்பிட, 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மிகுந்திருந்தது. 1988 ஜூன் மாதத்தில் ஜேம்ஸ் ஹான்சன் என்னும் விஞ்ஞானி அமெரிக்கச் செனட் சபைக் குழுவின் முன் இதனை வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் உலக நாடுகளின் அரசுகள் சேர்ந்து இதனை ஆராய ஒரு குழுவையும் அமைத்தன. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், இச்செய்தியை ஒருவர் நடுங்கிக் கேட்கிறார். ஒருவர் நகைத்துக் கேட்கிறார். பலர் கேளாதவர் போல் இருக்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

அறியாமையே காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். படித்தவர்கள் பெருகினால் எல்லோரும் உடன்படுவர் என்றே விஞ்ஞானிகளும் நெடுங்காலம் நம்பினர். 2012-இல் டான் கஹன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும், அந்நாட்டில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து கண்ட முடிவு இந்நம்பிக்கையைக் குலைத்தது. அறிவியல் அறிவும் கணக்கறிவும் மிகுந்தவர்கள் ஒன்றுபடவில்லை. அவர்களிடையே பிளவு மேலும் ஆழமாக இருந்தது. தனிமனித உரிமையையும் வணிக உரிமையையும் உயர்வாகக் கருதும் கூட்டத்தில் படித்தவர், தம் படிப்பைக் கொண்டே எச்சரிக்கையை மறுத்தார். சமத்துவத்தை உயர்வாகக் கருதும் கூட்டத்தில் படித்தவர் அதே படிப்பைக் கொண்டு அதனை வலியுறுத்தினார். தம் உற்றார் நடுவே தம் மதிப்பு குறையாதிருப்பதையே இருவரும், தாம் அறியாமலே, முதலில் நாடினர் என்பது அவ்வாய்வாளர்களின் விளக்கம். சபையில் வழக்காடும் பண்டிதர்களைக் கண்டு பழகிய நமக்கு இது பெரும் வியப்பைத் தரவில்லை.

இனி நார்வே நாட்டைக் காண்போம். 2000-2001 குளிர்காலத்தில் காரி நோர்கார்ட் என்னும் சமூகவியல் அறிஞர் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஓர் ஊரில் தங்கி ஆராய்ந்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயர் ஒன்றால் அதனைக் குறித்துள்ளார். அவ்வாண்டு அங்கே பனி மிகவும் காலந்தாழ்ந்து விழுந்தது. பனிச்சறுக்கு விளையாட்டுத் தலத்தில் செயற்கைப் பனியைத் தூவ நேர்ந்தது. பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்கும் அளவிற்கு ஏரி உறையவில்லை. செய்தித்தாள்கள் புவி வெப்பம் பற்றி எழுதின. கல்வியறிவில் உலகின் முன்வரிசையிலுள்ள மக்கள் அவர்கள். எவரும் செய்தியை மறுக்கவில்லை. ஆயினும் எவரும் அதனைப் பேசவுமில்லை. ஊர்க்கூட்டத்திலோ வீட்டு விருந்திலோ அப்பேச்சு எழுந்தால், சிறு அமைதி நிலவும். பின் வேறு பேச்சு தொடங்கிவிடும்.

ஏன் என்பதை நோர்கார்ட் 2011-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்குகிறார். தாங்கள் இயற்கையோடு இயைந்து எளிமையாக வாழும் மக்கள், ஏழை நாடுகளுக்கு இரங்கும் மக்கள் என்பது நார்வேயர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம். அது பொய்யுமன்று. ஆனால் 1969-இல் வடகடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்ட பின், அந்நாட்டின் செழிப்பு எண்ணெயின் மேல் நிற்கிறது. ஆதலின் இப்பேச்சை எடுத்தால் குற்றவுணர்வு வரும், அச்சம் வரும், செய்வதறியாத திகைப்பு வரும். இம்மூன்றையும் வெளியில் காட்டுவது அவ்வூர் வழக்கத்திற்குப் பொருந்தாது. வழக்கம் வாயை மூடிவிட்டது. தம்மை நல்லவர் என்று நம்பும் சமுதாயத்திற்கே இவ்வகை மௌனம் எளிதில் வாய்க்கிறது என்பதை அகிம்சையைத் தன் அடையாளமாகக் கொண்ட நம் சமுதாயமும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. கடல்மட்டத்திற்கு மேல் சராசரியாக இரண்டு மீட்டரே உயர்ந்த பவளத் தீவுகள் அவை. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அவர்களுடைய பங்கு ஒரு பொருட்டே ஆகாது. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. இத்தனை தீங்கு பிறரால் அடைந்த மக்கள், கடல் உயரும் செய்தியைக் கேட்டதும் பெருநாடுகளின் மேல் சினம் கொள்வர் என்றே நாம் எதிர்பார்ப்போம். பீட்டர் ருடியாக்-கூல்ட் என்னும் மானிடவியல் அறிஞர் அங்கு வாழ்ந்து, அவர்கள் மொழி பேசி ஆராய்ந்து 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது வேறு. அம்மக்களுள் பலர் தம்மையே குறை கூறிக்கொண்டனர்.

அதற்கு ஒரு சொல்லும் காரணமாயிற்று. ஆங்கிலத்தில் தட்பவெப்ப நிலையைக் குறிக்கும் சொல்லை அவர்கள் மொழியில் 'மேஜதோதோ' என்று பெயர்த்தனர். அச்சொல்லோ வானத்தையும் காற்றையும் மட்டும் குறிப்பதன்று. சுற்றியுள்ள நிலம், கடல், ஊர், மக்கள் வாழும் முறை யாவற்றையும் தழுவுவது. மேஜதோதோ மாறப் போகிறது என்று வானொலி கூறியபோது, அது முன்பே மாறிவிட்டதே என்று முதியோர் தலையசைத்தனர். ஈரப்பலாவை விட்டு இறக்குமதி அரிசியை உண்கிறோம். பெரியோர் சொல்லை இளையோர் கேட்பதில்லை. முன்னோர் வழக்கம் தேய்ந்துவிட்டது. கடல் ஏறாமல் என்ன செய்யும் என்றனர். விஞ்ஞானி சொன்ன செய்தி வேறு. அவர்கள் கேட்ட செய்தி வேறு. ஆயினும் அவர்களைப் பேதையர் எனக் கொள்ளலாகாது. இது நம்மைத் தொடும் செய்தி, நம் வாழ்க்கை முறையோடு இணைந்த செய்தி என்பதை உலகின் பல நாடுகளை விட விரைவில் அவர்கள் ஏற்றனர். பழி யார் மேல் விழ வேண்டும் என்னும் இடத்தில்தான் கணக்குத் தவறிற்று.

அதே கடலில் துவாலு, கிரிபாட்டி ஆகிய தீவு நாடுகளில் மக்கள் உறுதியான கிறித்தவர்கள். பெருவெள்ளத்திற்குப் பின் இறைவன் நோவாவிற்கு வானவில்லைக் காட்டி, இனி அத்தகைய வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என வாக்களித்தான் என்பது அவர்கள் வேதத்திலுள்ள செய்தி. ஆகவே கடல் உயரும் என்ற விஞ்ஞானிகளிடம், வாக்கு மாறாது என்று மூத்தோர் சிலர் விடையளித்தனர். இங்கே விஞ்ஞானம் எத்தனை வரைபடம் காட்டினாலும் பயனில்லை. 2004-இல் பசிபிக் தீவுத் திருச்சபையினர் கிரிபாட்டியின் தலைத்தீவான தாராவாவில் கூடி, 'ஒட்டின் தாய்' என்னும் பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கடல் உயர்வதற்கு மனிதர் செயலே காரணம் என்றும், படைப்பைப் பேணுதல் மனிதர் கடமை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. வெள்ளத்தை அனுப்புவது இறைவன் அல்லன், மனிதனே என்று திருச்சபையே சொல்லும்போது, வானவில்லின் வாக்கும் குலைவதில்லை, எச்சரிக்கையும் தள்ளுபடியாவதில்லை. நம்பிக்கையை எதிர்த்துப் பேசாமல் அதன் வழியே சென்றவர்கள் அவர்கள்.

பழங்கதை என்று நாம் ஒதுக்குவதனுள் அறிவும் உறையலாம். சைபீரியாவில் வாழும் சகா இன மக்கள் குளிர்காலத்தை ஒரு வெள்ளைக் காளை என்பர். அது டிசம்பர்த் தொடக்கத்தில் வடகடலிலிருந்து வருகிறது; அதன் மூச்சே உறைபனி. ஜனவரி இறுதியில் ஒரு கொம்பு விழும். பின் மறுகொம்பு விழும். இறுதியில் தலையும் விழக் குளிர் தணியும். இக்காளை இப்போதெல்லாம் வருவதில்லை என்று முதியோர் கூறியதைச் சூசன் கிரேட் என்னும் அறிஞர் 2008-இல் எழுதினார். வெப்பமானி காட்டுவதையே அவர்கள் காளையின் கொம்பில் கண்டனர். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை உழவர்களோ, நம்மவர் கார்த்திகை மீன் எனக் குறிக்கும் அதே விண்மீன் கூட்டத்தை ஜூன் மாதப் பின்னிரவில் உற்று நோக்குவர். அது மங்கித் தெரிந்தால் அவ்வாண்டு மழை குறையும் என்று உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிவைப்பர். பென் ஒர்லோவும் வேறிரு அறிஞர்களும் 2000-இல் இதனை ஆராய்ந்தனர். எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தில் மெல்லிய மேகம் படர்வதால் மீன்கள் மங்குகின்றன. அவ்வாண்டுகளில் அங்கே மழையும் குறைகிறது என்று அவர்கள் காட்டினர். இதனைக் கொண்டு பழையன யாவும் விஞ்ஞானமே என்று முழங்குவது தவறு. இது சோதித்த பின் நின்றது, அவ்வளவே.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

மார்ஷல் தீவினரின் மேஜதோதோவைக் கண்டு வியந்தோம். நம் தமிழில் வழங்கும் சொல்லை நோக்குவோமா? முன்பு தட்பவெப்ப நிலை என்று எழுதினோம். இப்போது காலநிலை மாற்றம் என்பதே பெருவழக்கு. காலம் என்னும் சொல் நமக்கு மழைக்காலம், பனிக்காலம் ஆகிய பருவங்களையும் குறிக்கும், யுகத்தையும் குறிக்கும், நல்ல காலம், கெட்ட காலம் என விதியையும் குறிக்கும். ஆதலின் காலநிலை மாறுகிறது என்று வானொலி கூறும்போது, திண்ணையில் இருப்பவர் காதில் காலம் கெட்டுவிட்டது என்றே விழுகிறது. பிற சமயத்தார் கலிகாலம் என்பர். நாமோ ஐந்தாம் காலம், அவசர்ப்பிணி, எல்லாம் இறங்குமுகம் என்போம். அறிவும் ஆயுளும் அறமும் குறைந்துகொண்டே வரும் காலத்தில் மழையும் குறைவதில் என்ன வியப்பு என்று கேட்டுவிட்டு எழுந்து போவோம்.

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று பொழிந்தது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவிற்கு மழை கொட்டியது. நம் மக்கள் நெடுங்காலமாக உழுது வாழும் செஞ்சி, திண்டிவனம் வட்டாரம் அதனை அடுத்ததே. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து எழுவர் மாண்டனர். அந்நாட்களில் நாம் சென்ற வீடுகளில் எல்லாம் கேட்டது அந்த ஒரே வாசகம்தான்: "ஐந்தாம் காலமாயிற்றே, இப்படித்தான் இருக்கும்." ஒரு புயலை மட்டும் காட்டி இது புவி வெப்பத்தால் வந்ததென அறுதியிட முடியாது. ஆயினும் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பதும், அதனால் பெய்யும்போது பெருமழையாகப் பெய்யும் வாய்ப்பு மிகுகிறது என்பதும் ஐயமற்றவை. அவ்வீடுகளில் இதனை எடுத்துக் கூற முற்பட்டபோது, காலம் என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிட்டதைக் கண்டோம். நார்வேயில் மௌனம் செய்த வேலையை இங்கே சாத்திரச் சொல் செய்கிறது. இதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அச்சொல் சாத்திரத்தின் படியே பொருந்துமா எனக் கணக்குப் பார்ப்போம். மகாவீரர் நிர்வாணம் பெற்றது கி.மு. 527. அதன்பின் மூன்று ஆண்டும் எட்டரை மாதமும் கழிந்து ஐந்தாம் காலம் தொடங்கிற்று. அதன் அளவு 21,000 ஆண்டுகள். இதுவரை கழிந்தவை 2,550 ஆண்டுகள் அளவே. எஞ்சியவை 18,400-க்கும் மேல். நெருப்பும் புகையும் புழுதியும் பொழியும் பிரளயத்தை நூல்கள் ஆறாம் காலத்தின் இறுதியில் அன்றோ கூறுகின்றன? அந்த ஆறாம் காலமும் இன்னொரு 21,000 ஆண்டுகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல இறங்கும் படிக்கட்டு ஒன்று, நம் பாட்டனார் காலத்திலிருந்து நம் காலத்திற்குள், ஒரே தாவலில் இறங்கியதற்கு அவசர்ப்பிணி விடை ஆகாது. கரியமில வாயு ஏறிய கணக்கோ ஆண்டுவாரியாக இருக்கிறது. 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளந்து வருகின்றனர். அவ்வாண்டில் அது 315 அளவில் இருந்தது.

இன்னொன்று. ஆறு திரவியங்களுள் ஒன்றான காலம், பொருள்களை மாறும்படி உந்துவதன்று. தாமே மாறும் பொருள்களுக்கு உதவியாய் நிற்பது மட்டுமே. குயவனின் சக்கரத்திற்கு அடியிலுள்ள கல்லை இதற்கு உவமை காட்டுவர். சக்கரம் சுழல அக்கல் வேண்டும். ஆனால் சுழற்றியது கல்லன்று, குயவன் கை. பானை கோணலாயின் கல்லை வைது பயனென்ன? எனவே காலத்தின் மேல் பழி போடுவது நம் சமயக் கொள்கைக்கே மாறானது. முயற்சியை, அதாவது புருஷார்த்தத்தை, இத்தனை வலியுறுத்தும் மரபில் பிறந்தோர் வாயில் இச்சோம்பல் சொல் எவ்வாறு புகுந்தது என்பதை அறியோம்.

அப்படியாயின் நம் பண்பாடு இச்செய்தியைக் கேட்கத் தடையாக மட்டும் இருக்கிறதா? இல்லை. இருவகையில் நமக்குப் பிறரை விட எளிது என்றே தோன்றுகிறது.

முதலாவது, விஞ்ஞானிகள் பேசும் முறை. 'பெரும்பாலும்', 'மிகப் பெரும்பாலும்' என்று அளவிட்டே அவர்கள் கூறுவர். மேற்கூறிய அரசுகளின் குழு, மிகப் பெரும்பாலும் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் என வரையறுத்துக்கொண்டு எழுதுகிறது. பாமரர் காதில் இது தயக்கமாக விழுகிறது. இவர்களுக்கே உறுதியில்லை என்று நகைப்பாரும் உளர். மனிதர் செயலால் பூமி வெப்பமடைந்துள்ளது என்பதில் மட்டும் ஐயத்திற்கு இடமேயில்லை என 2021-இல் அக்குழு அறிவித்தது. ஒரு நோக்கில் இன்னது, மற்றொரு நோக்கில் இன்னது என எல்லை கட்டிக் கூறும் சியாத்வாதத்தில் பழகிய நமக்கு, எல்லை கட்டிய சொல் உறுதியற்ற சொல் ஆகாது என்பது தெரியும். சியாத்வாதமும் நிகழ்தகவுக் கணக்கும் ஒன்றே எனச் சொல்ல வரவில்லை. அவை வேறு வேறு. கேட்கும் பொறுமையை மட்டுமே குறித்தோம்.

இரண்டாவது, அனர்த்த தண்ட விரதம். சமந்தபத்திராசாரியார் இரத்தின கரண்டகத்தில் கூறியதை அடியொற்றித் தமிழில் அருங்கலச்செப்பு இல்லறத்தார் விரதங்களை விளக்குகிறது. பயனற்ற தீங்கின் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாத சரியை. அதாவது காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், நெருப்பை மூட்டுதல், காற்றை அலைத்தல், மரஞ்செடிகளை வெட்டுதல். ஏன் இவ்வைந்து? நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஐந்தும் ஓரறிவுயிர்களின் உடல் என்பது நம் கொள்கை. ஒரு நிலக்கரிச் சுரங்கத்தையும் அதனை அடுத்த அனல்மின் நிலையத்தையும் மனத்தில் கொண்டு இப்பட்டியலை மீண்டும் படித்துப் பாருங்கள். காடு வெட்டப்படுகிறது, நிலம் தோண்டப்படுகிறது, நெருப்பு மூட்டப்படுகிறது, நீர் கொதிக்கிறது, காற்றில் வாயு கலக்கிறது. ஐந்தும் ஓரிடத்தில் நிகழ்கின்றன. இல்லறத்தார் செய்யத்தகாதன என ஆசாதரர் முதலியோர் அடுக்கும் பதினைந்து தொழில்களில் காடு வெட்டுதலும் கரி சுடுதலும் அடங்கும். நெருப்பிலும் காற்றிலும் உயிரைக் காணாத ஒருவருக்குக் கரியமில வாயு வெறும் எண். நமக்கு அது வேறு வகையாகக் கேட்க வேண்டும்.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விரதம் தடுப்பது பயனற்றதை, பயனுள்ளதை அன்று. குழந்தை படிக்க எரியும் விளக்கு பிரமாத சரியை ஆகாது. எது வேண்டியது, எது வேண்டாதது என்பதைத் தீர்மானிப்பதுதான் இடர். அங்கே நாம் நமக்குச் சலுகை அளித்துக்கொள்கிறோம். பிரதிஷ்டை விழாக்களில் பகலெல்லாம் எரியும் அலங்கார விளக்குகளையும், திருமண மண்டபத்தின் பின்புறம் இரைந்துகொண்டிருக்கும் டீசல் ஜெனரேட்டரையும் எவ்வகையில் சேர்ப்பது? சூரியன் மறைந்தபின் உண்ணாத நாம், அவ்விளக்குகளை நள்ளிரவு வரை எரியவிடுகிறோம்.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் மற்றொரு பேச்சு: இன்று விஞ்ஞானம் சொல்வதை எல்லாம் நம் ஆசாரியர்கள் அன்றே சொல்லிவிட்டனர் என்பது. 1990 அக்டோபரில் எல். எம். சிங்வி எழுதிய இயற்கை பற்றிய ஜைனப் பிரகடனம் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் பிலிப்பிடம் அளிக்கப்பட்டது. நல்ல ஆவணம், பெருமைக்குரியது. ஆனால் அப்பெருமையைப் பேசியதால் நம்மூரில் ஒரு விளக்கும் அணைந்ததாகத் தெரியவில்லை. ஆசாரியர்கள் கரியமில வாயுவைப் பற்றிச் சொல்லவில்லை. நெருப்பைக் காரணமின்றி மூட்டாதே என்றனர். அதனை விஞ்ஞானி தந்த கணக்கோடு பொருத்திக் காட்டும் வேலை நம்முடையது. நம் பண்டிதர்களும் பாடசாலை ஆசிரியர்களும் செய்ய வேண்டியது அதுவே. செய்தித்தாளில் வரும் உருகும் பனிமலையும் வெள்ளைக் கரடியும் வந்தவாசி உழவருக்கு எதையும் சொல்லா. இரண்டு டிகிரி என்றாலும் சொல்லாது. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்து டிகிரி ஏறுவதை நாள்தோறும் காண்பவர் அவர். அவர் அறிந்தது ஏரி, ஆடிப்பட்டம், கார்த்திகை மழை.

இதனை ஒரு பெரியவரிடம் கற்றோம். ஐந்தாம் காலம் என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்தவர்களுள் அவரும் ஒருவர். மேற்சொன்ன 18,400 ஆண்டுக் கணக்கைக் காட்டியபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பின் உள்ளே சென்று துணியில் கட்டிய பழைய பஞ்சாங்கங்களைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் தொடங்கி அவர் வரை, முதல் நாற்று விட்ட நாளையும் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த நாளையும் அவற்றின் ஓரங்களில் குறித்து வந்திருக்கின்றனர். பழைய ஏடுகளில் ஏரி நிரம்பும் முன் பல நாள் மழைக் குறிப்புகள் தொடர்ச்சியாக இருந்தன. பிற்காலத்தவற்றில் நெடுநாள் வெறுமை, பின் ஓரிரவு மழை, மறுநாள் கலங்கல். அவர் விரலை அவ்விடத்தில் வைத்தபடி, "இதை நானே எழுதியிருக்கிறேன், பார்த்ததில்லை" என்றார்.

ஒரு வீட்டுக் குறிப்பைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பல ஊர்க் குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய பஞ்சாங்கங்களும் பயிர்க் கணக்கு ஏடுகளும் பரண்மேல் கிடப்பதை அறிவோம். வாசக அன்பர்கள் வீட்டைப் புதுக்கும்போது அவற்றைப் பழைய தாள் விலைக்குப் போடாமல், நாற்று விட்ட நாள், ஏரி வழிந்த நாள், கிணறு வற்றிய நாள் ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் படியெடுத்து, ஊர்ப்பெயருடன் தத்தம் ஜினாலயத்தில் கொடுத்துவைக்க வேண்டுகிறோம். அடுத்த சாதுர்மாஸ்யத்தில் சுவாத்தியாயத்திற்குக் கூடும்போது, அருங்கலச்செப்போடு அவ்வேடுகளையும் சேர்த்துப் படிக்க எண்ணியுள்ளோம்.